கோயமுத்தூர் ரேஸ் டீம்காரங்களுக்கும் ஊர்ப்பக்கம் டர்ட் ரேஸ் நடத்தறவங்களுக்கும் ஒரு மாமன் எழுதற மடல்

வணக்கமுங்க.

கணபதில லேத் பட்டறை வெச்சிருக்கறவன் எழுதறனுங்க. பேரு எதுக்கு, உங்கள்ல பாதிப் பேருக்கு என்னையத் தெரியும், மீதிப் பேருக்கு என்ற அக்கா பையனத் தெரியும், அந்தப் பையன் விசயமாத்தான் இத்தனையும். போன்ல ஒவ்வொருத்தருக்கா சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, ஒருத்தர்கிட்ட சொன்னது இன்னொருத்தர் காதுக்குப் போறதுக்குள்ள வேற மாதிரி ஆயிருது, போன வாரம் டீக்கடையில ஒருத்தர் "என்னங்க, மாப்ளைக்கு தலக்கனம் ஏறிருச்சாமா"ன்னு என்றகிட்டயே கேக்கறாரு. அதனால எல்லார்த்துக்கும் ஒட்டுக்கா சொல்லிர்றேன்.

இந்த வருசம் பைக் ரேஸ்ல பையன் ஓட்டப்போறது ஒன்னே ஒன்னுதான். வண்டிக் கம்பெனிக்காரங்க எல்லாத்துக்கும் ஒரே மாடல் வண்டி குடுத்து நடத்தற ஒன்மேக் கப். அவ்வளவுதான். மண்ணுல ஓட்டற டர்ட் ரேஸ் இல்ல, கால்மைல் நேர்கோட்டுல போற டிராக் (drag) ரேஸ் இல்ல, சொந்த வண்டில ஓட்டற கிளாஸ் இல்ல, "சும்மா ஒரு ரவுண்டு வந்து தலையக் காட்டிட்டுப் போகட்டுமே"ங்கறதும் இல்ல.

அவனுக்கு மண்ணு புடிக்காதுன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க, அவன் மனசு பூராவும் அங்கதான் கெடக்குது. குளம் வத்திக் கெடந்த ஒரு கோடையில என்ற பழைய வண்டிய தள்ளிட்டுப் போயி, பின்சக்கரத்த வழுக்க விட்டு வழுக்க விட்டு பொழுதோட வரைக்கும் சுத்துனவன். ராத்திரியானா போன்ல போலந்து நாட்டு ஸ்பீட்வேதான். நம்ம செட்டிபாளையம் கரி ட்ராக்கு பேர்லயும் ஸ்பீட்வேன்னு இருக்குதுங்க, ஆனா அது தார் ட்ராக்கு, 2003ல தொறந்தது, ரெண்டு கிலோமீட்டர் சொச்சம். (கரிவரதன் 1995லயே போய்ச் சேந்துட்டாரு, மாருதி எஞ்சின வெச்சு ரேஸ் கார் கட்டுன மனுசன், தன் பேர்ல வந்த ட்ராக்க அவரு பாக்கல. அங்க போறப்பெல்லாம் எனக்கு இந்த நெனப்பு வந்துரும்.) அவன் பாக்கற ஸ்பீட்வே வேற. மண்ணு ட்ராக்கு, நீளவட்டம், நாலு பேரு, நாலு லேப்பு, ஒரு நிமிசம், முடிஞ்சுது. 500 சிசி, மெத்தனால் ஊத்தி ஓட்டறாங்க, ஒரே கியரு, பிரேக்கே கெடையாது. "பிரேக்கே இல்லாத வண்டிக்கு ஹெல்மெட்டு மட்டும் எதுக்குடா"ன்னு அக்கா கேட்டா. எடப்பக்கம் மட்டுந்தான் திரும்புவாங்க, எடது கால் பூட்ஸுக்கு அடியில இரும்புத் தகடு மாட்டி அத மண்ணுல தேச்சுக்கிட்டே போவாங்க, அந்தத் தகட்ட அவனுக்கு நானே பட்டறையில வெட்டி வளச்சுக் குடுத்தனுங்க, ஒரு நாள் பூரா புடிச்சுது.

அந்தப் பொழப்பப் பாத்துத்தான் எனக்கே ஒரு விசயம் வெளங்குச்சு. போலந்து லீக்கு வெள்ளிக்கெழமயும் ஞாயித்துக்கெழமயும், ஸ்வீடன் லீக்கு செவ்வாக்கெழம, இங்கிலாந்து மேல் லீக்கு திங்களும் வியாழனும், நடுவால உலக சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீ சனிக்கெழம. மூணு நாட்டுல மூணு டீமுக்கு ஒரே ஆளு ஓட்டுனதும் உண்டு, வேன்லயும் ஏர்போர்ட்லயும் தூங்கிக்கிட்டு. ஆனா பெரிய கைங்க என்ன பண்றாங்கன்னு பாத்தீங்கன்னா, காசு எச்சா வர்ற போலந்துக்கு மொத எடம், மத்ததெல்லாம் அதுக்குப் பொறகு, இங்கிலாந்த அடியோட விட்டவங்க எத்தனையோ பேரு. சின்னப் பசங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு, 21 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்குன்னு எஸ்ஜிபி2ன்னு தனி உலகப் போட்டி, வயசு தாண்டுச்சுன்னா அந்தக் கதவு சாத்துனது சாத்துனதுதான். அதனால எது இப்ப ஓட்டியாகணும், எது அடுத்த வருசமும் அங்கயே கெடக்கும்னு பாத்துத்தான் காலண்டர் போடோணும். அத்தனை பெரிய ஆளுங்களே ஒன்ன எடுத்து ஒன்ன விடறப்ப, பத்தொன்பது வயசுப் பையன் எல்லாத்தையும் ஓட்டோணும்னு நாம கேக்கறது எந்த ஊரு ஞாயமுங்க?

போன வருசம் நாங்க எதையும் விடல. அதுல தப்பு என்ற மேலயும் இருக்குது, ஒளிக்கல. யாரு கூப்டாலும் "அனுப்பறனுங்க"ன்னு சொன்னது நான்தான், நமக்குத் தெரிஞ்சவங்க, மொகம் சுளிக்கப்படாதுன்னு. கப் ரவுண்டுக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப ஒரு ஊர்ல டர்ட் ரேஸ், ஊர் பேரு வேண்டாம், நடத்துனவங்க நல்ல மனுசங்கதான். மூணாவது லேப்புல முன்னால போனவன் விழ, இவன் அவன் மேல ஏறக்கூடாதுன்னு வண்டியச் சாய்ச்சு, காறை எலும்பு ஒடைஞ்சு போச்சு. ஆம்புலன்ஸ் நின்னுச்சு, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தாரு. ரெண்டு மாசம் கைய மார்ல கட்டிட்டு ஒக்காந்திருந்தான், கப்ல ரெண்டு ரவுண்டு போச்சு. அந்த டர்ட் ரேஸுக்கு மொதப் பரிசு என்னன்னு கேக்கறீங்களா, ஒரு டேபிள் ஃபேனும் கொஞ்சம் ரொக்கமும்.

ரெண்டு ரவுண்டுதானேன்னு சொல்லாதீங்க. மோட்டோஜிபின்னு பைக் ரேஸ்ல பெரிய உலகப் போட்டி, அந்தக் கணக்கையே எடுத்துக்குங்க, மொத ஆளுக்கு 25, ரெண்டாவதுக்கு 20, மூணாவதுக்கு 16. நாலு ரேஸ்ல ரெண்ட ஜெயிச்சுட்டு ரெண்டுக்கு வராதவன் 50ல நிக்கறான், நாலுலயும் பேசாம மூணாவதா வந்தவன் 64ல நிக்கறான். சாம்பியன்ஷிப்ல வேகத்துக்கு உள்ள மரியாதை வந்து நிக்கறதுக்கும் இருக்குது. இத ஒரு ராத்திரி பட்டறையில தகட்டு மேல சாக்பீஸ்ல எழுதிப் போட்டு அவன்கிட்ட காட்டுனேன், சித்த நேரம் பாத்துட்டே இருந்தான், அப்பறம் ஒன்னும் பேசாம தினசரி காலண்டர எடுத்து வந்து அவனே ஒவ்வொன்னா அடிச்சான். டர்ட் தேதிய அடிக்கறப்ப மட்டும் கை நின்னுச்சு. அடிச்சது அவன்தான், நானில்ல, அத எல்லாரும் தெரிஞ்சுக்கோங்க.

ஏன் ஒன்மேக்குன்னு சில பேரு கேட்டீங்க. அங்க எல்லாத்துக்கும் ஒரே வண்டி, கம்பெனிதான் வண்டி தரும், கம்பெனி மெக்கானிக்குதான் தொடுவாங்க, நம்ம பையன் லெதர் சூட்டும் ஹெல்மெட்டும் எடுத்துட்டுப் போனா போதும். சொந்த வண்டி கிளாஸ்ல அப்பன்காரன் பாக்கெட்டும் சேந்து ஓடும், டைம் கொறஞ்சா அது ரைடரா எஞ்சினான்னு யாருக்கும் தெரியாது. ஒன்மேக்ல அந்த சந்தேகமே இல்ல, ஓட்டறவன் யாருன்னு அப்பட்டமாத் தெரிஞ்சுரும். என்ற கைக்கு அங்க வேலையே கெடையாதுங்க, முப்பது வருசமா லேத் புடிச்சவன் வண்டி ரெடி பண்ற பிட்டுல (pit) கைய கட்டிட்டு நிக்கோணும், அதுல எனக்கு நொம்ப வருத்தந்தான், ஆனா எங்க குடும்பத்து வசதிக்கு இதுதான் வழி. இன்னொன்னு, நேசனல் ரேஸ் நடக்கற அதே வாரக்கடைசியில அதே சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குலதான் கப்பும் பெரும்பாலும் நடக்கும், பெரிய டீம்காரங்க கண்ணு முன்னாலயே ஓட்டலாம். இங்கிருந்து ஐநூறு கிலோமீட்டர் கிட்ட, வியாழக்கெழம பொழுதோட கெளம்புனா திங்கக்கெழம வெடியால திரும்பறான். எஞ்சினியரிங் மூணாவது வருசமுங்க, அட்டெண்டன்ஸ் 75 பர்சன்ட் வேணும், இந்த ஒரு கப்புக்கே லீவு கணக்கு இழுத்துக்கோ பறிச்சுக்கோன்னு நிக்குது.

எங்க அப்பாரு பொள்ளாச்சிப் பக்கம் ரேக்ளா ஓட்டுனவரு. காங்கேயம் காளை ஒரு சோடி, 200 மீட்டர் ஓட்டத்துக்குன்னே வளத்துனது. சுத்துப்பட்டுல எங்க நோம்பி போட்டாலும் ஆள் விட்டுக் கூப்புடுவாங்க, பாதிக்கு மேல போக மாட்டாரு. ஒறம்பரைக்காரங்க கோவிச்சுக்குவாங்க, பங்காளி ஒருத்தரு ரெண்டு வருசம் பேசவே இல்ல. அவரு பாட்டுக்கு கட்டுத்தறியில ஒக்காந்து காளைக்கு கால் புடிச்சு விட்டுட்டு இருப்பாரு. காளைக்கு குடுக்கற ஓய்வ பையனுக்குக் குடுக்காம போயிட்டோமேன்னு அந்த ரெண்டு மாசமும் எனக்கு உறுத்துச்சுங்க.

ஊர்ப்பக்கம் ரேஸ் நடத்தறவங்களுக்கு தனியா ஒன்னு. உங்க ரேஸ் இல்லாட்டி என்ற மாப்ள மண்ணத் தொட்டிருக்கவே மாட்டான், அத மறக்கல. ஆனா அவன்கிட்ட இப்ப நம்ம நாட்டு மோட்டார் ரேஸ் சங்கமான எஃப்எம்எஸ்சிஐ குடுத்த லைசென்ஸ் இருக்குது, அனுமதி வாங்காத ரேஸ்ல ஓட்டுனா லைசென்ஸ் மேலயே கை வெப்பாங்க, கீழ விழுந்தா இன்சூரன்ஸும் பேசாது. ஸ்மார்ஸ்லிக்குன்னு ஒரு போலந்து ஸ்பீட்வேக்காரரு, 2019ல மொதல்ல ஜெயிச்சு பல தடவை உலக சாம்பியன் ஆனவரு, 2023ல டென்மார்க் ரவுண்டுல வேற சூட்ட மாட்டிட்டு எறங்குனாருன்னு அந்த ரவுண்ட விட்டே தள்ளி வெச்சுட்டாங்க. அவருக்கே சட்டைக்கு அந்த கதின்னா நம்ம பையன் எம்மாத்திரம். அனுமதி வாங்கி, பேரிகேடு போட்டு, ஆம்புலன்ஸ் டிரைவர வண்டிக்குள்ளயே ஒக்கார வெச்சு நடத்துங்க, படிப்பு முடிஞ்ச வருசம் நானே கூட்டிட்டு வாரேன்.

டீம்காரங்களுக்கு. நீங்க அனுப்புன அக்ரிமென்ட் படிச்சனுங்க, மூணாவது பக்கத்துல "டீம் சொல்லும் அனைத்து நிகழ்ச்சிகளிலும் பங்கேற்க வேண்டும்"னு ஒரு வரி. அந்த அனைத்துங்கற வார்த்தைய எடுத்துட்டு எந்தெந்த ரேஸுன்னு பேரு எழுதுங்க, கையெழுத்து நாளைக்கே போடறோம். கடை தொறப்பு விழாவுக்கு வண்டியோட வந்து நிக்கறதெல்லாம் வாரான், அதுக்கு எலும்பு ஒடையாது. அப்பறம் தேதி. போன வருசம் ரெண்டு டீமு ஒரே ஞாயித்துக்கெழம ட்ரையல் வெச்சீங்க, ரெண்டு பேருக்கும் நடுவால ரெண்டு தெருதான் தூரம், ஒரு போன் அடிச்சுப் பேசிருந்தா முடிஞ்சிருக்கும். உங்க சண்டை உங்களோட, அதுக்கு நடுவால பசங்க "அங்க போனா இவரு கோவிச்சுக்குவாரு"ன்னு முழிச்சுட்டு நிக்கறாங்க, இவன் மட்டுமில்ல, இன்னும் நாலஞ்சு பசங்க அப்படித்தான் நின்னாங்க.

மண்ண அடியோட விட்டுட்டானான்னு கேட்டா, இல்லீங்க. கேசி ஸ்டோனர் சின்ன வயசுல ஆஸ்திரேலியால டர்ட் ட்ராக்குல ஓட்டி வந்தவருதான், 2007லயும் 2011லயும் மோட்டோஜிபி சாம்பியன். மார்க் மார்க்கெஸும் ப்ராக்டிஸுக்கு மண்ணுலதான் சுத்தறாரு. வண்டி வழுக்கறப்ப கை பதறாம இருக்கறது அங்கதான் வரும். அதனால ரேஸ் இல்லாத ஞாயித்துக்கெழமல வெடியால ஆறு மணிக்கு எங்க தோட்டத்துல ஓட்டிட்டு இருப்பான், சோளத்தட்டு அறுத்துட்டு சும்மா கெடக்கற ரெண்டு ஏக்கரா, மண்ணெண்ணெய் டின்னு நட்டு வட்டம் போட்டு வெச்சிருக்கோம். பாக்கறதுன்னா வாங்க, அக்கா காப்பி வெச்சுக் குடுப்பா. ஸ்டாப்வாட்ச் மட்டும் கொண்டு வராதீங்க, கையில அத பாத்தான்னா வெசய எச்சா வெச்சுருவான்.

கப் ரவுண்டு இருக்கற வாரம் மட்டும் போன் அடிக்காதீங்க. அவன் போனு என்றகிட்டதான் இருக்கும், நானும் எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மாமன், லேத் பட்டறை, கணபதி