ஓரத்தில் பென்சில்

மதுரை
ஞாயிறு இரவு

மாப்ளே,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்காலுக்கு இன்னும் எண்ணெய்தான் தடவிக்கொண்டிருக்கிறாயா? நான் சொல்லி நீ என்றைக்கு டாக்டரிடம் போயிருக்கிறாய், தங்கச்சி சொன்னால்தான் உண்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பேரனுக்குத் தை மாதம் காதுகுத்து. பத்திரிகை வரும், வராமல் இருந்துவிடாதே.

அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு' வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். 'முன்னால பூராவும் கடிதப் போக்குவரத்து. போரடிச்சுது, தாண்டிட்டேன்' என்றும் எழுதியிருந்தாய். அதைத் தாண்டலாமாடா? கதையே அங்கேதானே இருக்கிறது!

லாகூரில் ஜாத்-பாத் தோடக் மண்டல் என்று ஒரு சங்கம். சாதியை உடைப்பதற்கென்றே ஏற்பட்டது. 1936 மாநாட்டுக்குத் தலைமை தாங்க அம்பேத்கரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுதிய உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார்கள். 'வேதம்' என்ற சொல்லையாவது இப்போதைக்கு எடுத்துவிடக் கூடாதா என்று கெஞ்சி ஒரு கடிதம். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்று பதில். உரை பேசப்படாமலே போயிற்று. அதையே அவர் தன் கைக்காசைப் போட்டுப் புத்தகமாக 1,500 பிரதி அச்சடித்தார். இரண்டே மாதத்தில் தீர்ந்துவிட்டது.

மண்டல்காரர்களை நினைத்து முன்பெல்லாம் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த உரையின் முதல் வாசகர்கள் அவர்கள்தான். எந்த வரி எங்கே சுடும் என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. ஒழுங்காகப் படிக்காதவனுக்கு அப்படிப் பயம் வராது.

அடுத்த வாசகர் காந்தி. அந்த ஜூலையில் 'ஹரிஜன்' பத்திரிகையில் எழுதினார். புத்தகத்தின் முடிவு அவருக்கு ஏற்பில்லை. ஆனால் எட்டணா விலை அதிகம், இரண்டணாவாக்குங்கள், இல்லாவிட்டால் நாலணாவாகவாவது குறையுங்கள் என்கிறார்! வைதிகர்கள் படித்தால் அவர்களுக்குத்தான் லாபம் என்றும் சொல்கிறார். தனக்கு ஒவ்வாத புத்தகம் இன்னும் நாலு பேர் கைக்குப் போகட்டும் என்று விலைக்காக வாதாடிய மதிப்புரையை நீ வேறெங்காவது பார்த்திருக்கிறாயா? நம் ஆட்கள் பிடிக்காத புத்தகத்தை வாங்குவதே பாவம் என்பார்கள்.

அந்த மதிப்புரையில் காந்தி சைதன்யர், துக்காராம் என்று அடுக்கிக்கொண்டே வந்து நம் திருவள்ளுவரையும் சேர்க்கிறார். இவர்களெல்லாம் இருந்த மதம் எப்படி மோசமாகும் என்பது கேள்வி. மகான்கள் கடவுள் முன்னால் எல்லோரும் சமம் என்றார்களே தவிர, மனிதனுக்கு மனிதன் சமம் என்று சாதியை எதிர்த்துப் போராடவில்லை என்று அம்பேத்கர் பதில் எழுதினார். எனக்கு உடனே வாய் துறுதுறுத்தது. 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' இருக்கிறதே ஐயா! யாராவது அன்றைக்கு இதை அவரிடம் எடுத்துச் சொல்லியிருந்தால்? சரி, அந்தக் குறளைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற ஊரில் டீக்கடையில் இரட்டைக் குவளை எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்டிருப்பார். நான் என்ன சொல்லியிருப்பேன்?

இந்தப் புத்தகத்தைத்தான் போன வாரம் வாசகர் வட்டத்தில் வைத்திருந்தோம். அதே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடி, அதே கால் ஆடுகிற பெஞ்சு. ஒன்பது பேர் வந்தார்கள். 'அருமையான நூல்', 'காலத்தின் தேவை', 'ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியது' என்று ஏழு பேர் ஒரே பாட்டு. வடை வரும்வரை அதுதான் ஓடியது. அந்த ஏழில் நானும் ஒருவன். எட்டாமவர் வாயே திறக்கவில்லை.

ஒன்பதாமவர் இரும்புக்கடைக்காரர். நாம் கல்லூரி போகும்போது அவர் அப்பா கல்லாவில் இருப்பாரே, அந்தக் கடை. 'எனக்குப் பிடிக்கல சார். தூக்கம் போச்சு' என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னிடம் இரவல் வாங்கிய பிரதியை மேசையில் வைத்தார். டீகூடக் குடிக்காமல் இறங்கிப் போய்விட்டார். யாரோ 'அவருக்கெல்லாம் எங்க புரியப்போகுது' என்றார்கள். நானும் தலையாட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து பிரித்தால் ஓரமெல்லாம் பென்சில். முதல் பக்கங்களில் 'தப்பு', 'தப்பு', 'ஆதாரம்?' என்று தாளின் மறுபக்கம் தடவினால் தெரிகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருக்கிறார். அப்புறம் அந்த இடம் வருகிறது: சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையும் பிரிக்கிறது என்கிற இடம். அதற்கு அடிக்கோடு. ஓரத்தில் சின்ன எழுத்தில், 'கல்லா நாங்க. லோடு இறக்க' என்று எழுதி அத்தோடு விட்டிருக்கிறார். மேற்கொண்டு ஐந்தாறு பக்கம் ஒரு கீறல்கூட இல்லை. கலப்பு மணம்தான் உண்மையான மருந்து என்று வருகிற இடத்தில் ஒரு கேள்விக்குறி. அதை ரப்பரால் அழித்து, மறுபடியும் போட்டிருக்கிறார். அவருக்குக் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள், உனக்குத் தெரியும்.

நான் மூன்று தடவை படித்த புத்தகம் மாப்ளே. அதில் என் கையெழுத்து என்று இருப்பது முதல் பக்கத்தில் பெயரும் வாங்கிய தேதியும்தான்.

பெரியார் இதை அப்போதே தன் 'குடி அரசு' பத்திரிகையில் தமிழில் கொண்டுவந்துவிட்டார். தமிழிலும் குஜராத்தியிலும் வந்துவிட்டது என்று அம்பேத்கரே 1937 பதிப்பின் முன்னுரையில் எழுதுகிறார். அன்றைக்குப் படித்த நம் ஊர் ஆட்கள் ஓரத்தில் என்னவெல்லாம் எழுதி வைத்தார்களோ!

அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவாரோ என்னவோ. புதன்கிழமை ஆணி வாங்குகிற சாக்கில் கடைப்பக்கம் போகலாம் என்றிருக்கிறேன். என்ன பேசுவது என்றுதான் இன்னும் யோசிக்கவில்லை.

உன் பிரதி இருக்கட்டும். இந்தப் பிரதியைத் தபாலில் அனுப்புகிறேன், கடிதங்களிலிருந்து ஆரம்பி. நீயும் ஓரத்தில் எழுது, ஆனால் பென்சிலால் எழுது. ரப்பர் வைத்துச் சுத்தம் செய்கிற உன் பழைய புத்தியைக் காட்டிவிடாதே. திருப்பி அனுப்பும்போது அந்த மனுஷனின் எழுத்து அப்படியே இருக்க வேண்டும்.

உன்
மாப்ளே