கேன் தண்ணீரை நீ தூக்காதே

அன்புள்ள கவிதாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். உளுந்து பறித்து, அடித்து, மூட்டை வீட்டுக்கு வந்துவிட்டது. பாமணியாற்றில் தூர்வாருகிறார்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு இறங்கிவிடலாம் என்று அப்பா விதைநெல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். ஆனால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்க்கிறாய், வீடு முழுக்கக் கேட்கும். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். படித்துவிட்டு நீயே வைத்துக்கொள்.

மன்னார்குடி சித்தி வந்திருந்தாள். உன் வீட்டைப் பற்றி ஒரே பெருமை. நம் தெருவிலிருந்து போய் மெட்ராஸில் சொந்தமாக பிளாட் வாங்கின பெண் நீ ஒருத்திதான் என்று கடைக்காரரிடம்கூட சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்புறம் பேச்சுவாக்கில் வந்தது, நீ சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறாய் என்று. அடுப்படியில் வலி மாத்திரை அட்டை கிடந்ததாம். சித்திக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. சரி, போகட்டும்.

கேன் தண்ணீரை நீ தூக்காதே. 20 லிட்டர் என்றால் 20 கிலோ. தண்ணீர் போடுகிறவன் கீழேயே வைத்துவிட்டுப் போய்விடுகிறானாமே. மூன்றாவது மாடிக்கு அதை யார் கொண்டுவருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. மாப்பிள்ளைக்கும் ஆபீஸ் தூரம், அலுத்துப்போய்த்தான் வருவார். தெரியாமல் இல்லை.

என் இடுப்பு கதை உனக்கு மனப்பாடம். சத்துணவுக் கூடத்தில் அண்டா தூக்கியதில் ஆரம்பித்தது. ஆனால் அப்போது நீ ஹாஸ்டலில் இருந்தாய், வைத்தியம் பார்த்ததெல்லாம் உனக்கு முழுசாகத் தெரியாது. முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேனைப் பார்த்ததுமே, கீழ் முதுகெலும்பில் எல்4 எல்5 நடுவே ஜவ்வு விலகியிருக்கிறது, இந்த வாரமே ஆபரேஷன் என்றார்கள். அப்பா வளையலை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் பார்த்த டாக்டர் ஸ்கேனை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார். காலை நீட்டித் தூக்கிப் பார்த்தார், கட்டைவிரலை மேலே மடக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தார். வயசு ஏற ஏற, வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் ஜவ்வு பிதுங்கித்தான் தெரியும், உங்கள் காலில் பலம் இருக்கிறது, நடங்கள் என்றார். படுத்தே கிடந்தால் இன்னும் பிடித்துக்கொள்ளுமாம். நான் அதுவரை படுத்தேதான் கிடந்தேன்.

வலி போய்விட்டதா என்று கேட்டால், போகவில்லை. மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும். ஆனால் குனிந்து கோலம் போடுகிறேன், பஸ் ஏறி நீடாமங்கலம் போய் வருகிறேன். எல்லாம் நான் செய்கிற பயிற்சியால்தான். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குவது, முட்டியை நெஞ்சுக்கு இழுப்பது. காசு செலவில்லாத வைத்தியம் என்பதால் யாருக்கும் நம்பிக்கை வருவதில்லை. அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு பிசியோதெரபி பெண் நம் தெருவுக்கே வருகிறது. நடவுக்குப் போகிற பெண்கள் அதுவரை மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டுதான் வயலில் இறங்குவார்கள். மெட்ராஸில் உனக்குக் கிடைக்காதா?

அந்த மாத்திரையை நீயாக வாங்கிப் போடாதே. டைக்ளோபினாக் மாதிரியானதை மாசக்கணக்கில் போட்டால் வயிறு புண்ணாகும், கிட்னியும் கெடும். இடுப்பு பெல்ட்டை நாள் பூராவும் கட்டாதே. நொச்சி இலை ஒத்தடம் கொடு, இதமாக இருக்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதே. கம்ப்யூட்டர் முன்னால் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திரு. சின்னவனுக்கு நாலு வயசாகிறது, இன்னும் இடுப்பில் வைத்துக்கொண்டு திரியாதே. கேனைத் தூக்காதே.

ஒன்று மட்டும் பயமுறுத்துவதாக நினைக்காமல் கேள். பாதம் தொய்ந்து தூக்க முடியாமல் போனாலோ, உட்காருகிற இடம் மரத்துப்போனாலோ, ஒன்றுக்குப் போவது கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ விடியட்டும் என்று இருக்கக்கூடாது, அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். யாரையும் தொந்தரவு செய்கிறோமே என்று நினைக்காதே. நீ அப்படி நினைக்கிறவள். பத்தாவது பரீட்சைக்கு 102 காய்ச்சலோடு சொல்லாமல் போனவள்தானே. மாவட்டத்தில் பெயர் வந்தது என்று இன்றைக்கும் எனக்குப் பெருமைதான், ஆனால் அன்றைக்கே உன்னை நாலு சாத்தியிருக்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. வெளியே உட்கார விடாதே, உள்ளே கூட்டிக்கொண்டு போ. உன் அப்பா எப்படி இருந்தவர் என்று உனக்குத் தெரியும். குடம் காலியானால் குடத்தைக் கூப்பிட மாட்டார், என்னைத்தான் கூப்பிடுவார். மெடிக்கல் காலேஜ் டாக்டர் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்து, "இனிமேல் வீட்டில் தண்ணீர் யார் தூக்குவது?" என்று கேட்டார். அப்பா முழித்தார். மறுநாள் காலையில் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அடிபம்புக்குக் குடத்தோடு போனவர்தான், இன்றுவரை என்னைத் தூக்க விட்டதில்லை. நான் எத்தனை வருஷம் சொல்லியும் ஏறாதது. மாப்பிள்ளை நல்லவர், நான் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் சொல்லட்டும்.

சித்தி பையன் வருகிற வெள்ளிக்கிழமை மன்னை எக்ஸ்பிரஸில் வருகிறான். உளுந்து, கருப்பட்டி, செக்கு நல்லெண்ணெய் கொடுத்துவிடுகிறேன், களி கிண்டிச் சாப்பிடு. அவன் தாம்பரத்தில் இறங்கி அப்படியே இன்டர்வியூவுக்குப் போகிறானாம், வீட்டுக்கு வர மாட்டான். பை நல்ல கனம். ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை அனுப்பு. நீ போகாதே. யார் வந்து வாங்கினார்கள் என்று அவனிடம் கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா