மைக் ஓல்ட்ஃபீல்ட் காணிக்கை ஆல்பம்: வாசித்து அனுப்புவோர் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம்.

ஆங்கில இசைக்கலைஞர் மைக் ஓல்ட்ஃபீல்டுக்கு நாம் செய்யும் காணிக்கை ஆல்பத்துக்காக இதுவரை வந்த பதிவுகளை நேற்றிரவு ஒன்றாக வைத்துக் கேட்டேன். மனசு நிறைந்துவிட்டது. கிட்டாரும் கீபோர்டும் நிறைய இருக்கின்றன. மாண்டலினுக்கும் மணிக்கும்தான் ஆள் இல்லை. மணியைக் கீபோர்டில் தட்டிவிட வேண்டாம், நிஜ மணி ஓசையே வேண்டும். 1973இல் வந்த 'டியூபுலர் பெல்ஸ்' ஆல்பம் பதிவானபோது ஓல்ட்ஃபீல்டுக்கு வயது 19. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் இருந்த மேனர் ஸ்டுடியோவில் பெரும்பாலான வாத்தியங்களைத் தானே வாசித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார். அதே கைப்பக்குவம் நம்மிடமும் தெரிய வேண்டும்.

அவருடைய இன்னொரு ஆல்பமான 'ஒமாடான்' (1975) பகுதிக்கு இன்னொரு தேவை. அதில் அயர்லாந்துக் கலைஞர் பேடி மோலனி வாசித்த அயர்லாந்துப் பைப்பை (பையில் காற்றடைத்து வாசிக்கும் குழல் வாத்தியம்) வேறு வாத்தியத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. வாசிக்கத் தெரிந்தவர் யாரையாவது அறிந்தால் இன்றே சொல்லுங்கள்.

கிளிக் டிராக்கை (தாளம் காட்டும் ஒலி) ஹெட்ஃபோனில் கேட்டபடியே வாசியுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. ரிவெர்ப் (எதிரொலி எஃபெக்ட்) போடாதீர்கள்; ஒவ்வொருவர் அறையும் ஒவ்வொரு விதமாக எதிரொலிக்கிறது, அதன்மேல் எஃபெக்ட்டும் ஏறினால் மிக்ஸிங்கில் நீக்கவே முடியாது. உங்கள் பகுதி நடுவில் வந்தாலும் கோப்பு பாட்டின் ஆரம்பத்திலிருந்தே (பூஜ்ய நொடி) தொடங்கட்டும். தரம் குறையாமல் இருக்க, செயலியில் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

மூல ஆல்பத்திலிருந்து ஒரு நொடியைக்கூட வெட்டிச் சேர்க்கக் கூடாது. எல்லாம் நம் கையால் வாசித்ததாக இருக்கட்டும்.

கடைசி நாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை. நேரம் போதாதவர்கள் முன்கூட்டியே எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.