பெயர் யாருக்கு உதவுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளிகள் வெளியானதும் மட்டக்களப்பு வீதிகளில் பதாகைகள் ஏறிவிடும். கொழும்பு, பேராதனை, மொறட்டுவை என்றால் 'எங்கள் மாணவர்' என்று ஒரே பிள்ளையின் படத்தை மூன்று ரியூசன் நிலையங்கள் போடும். வந்தாறுமூலையோ (கிழக்குப் பல்கலைக்கழகம்) ஒலுவிலோ (தென்கிழக்குப் பல்கலைக்கழகம்) கிடைத்த பிள்ளைக்கு 'பரவாயில்லை, பக்கத்தில்தானே' என்ற ஆறுதல்தான். இதைக் கண்டித்து, எங்கே படித்தாலும் ஒன்றுதான், திறமை இருந்தால் போதும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். ஆனால் அதில் பாதிதான் சரி.

சரியான பாதியை முதலில் சொல்கிறேன். எமது நாட்டில் பிள்ளை விருப்ப ஒழுங்கைத்தான் எழுதிக் கொடுக்கிறது. எங்கே அனுப்புவது என்பதை உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றிலிருந்து கணிக்கும் இசட் புள்ளி முடிவு செய்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. இசட் புள்ளியில் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை பார்க்கிறார்கள். மூன்றாம் இலக்கத்தில் பேராதனையைத் தவறவிட்டு வந்தாறுமூலைக்கு வந்த பிள்ளைக்கு மூளை குறைந்துவிட்டதா என்ன?

அரச உத்தியோகத்திலும் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மதிப்புக் குறைவு. போட்டிப் பரீட்சையில் புள்ளிதான் பேசும். போதனா வைத்தியசாலையில் வரிசையில் நிற்பவர் எவரும் டொக்டர் எந்த மருத்துவ பீடத்தில் படித்தவர் என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

தனியார் துறை வேறு கதை. ஒரு நிறுவனத்தின் கிளை முகாமையாளராகப் பல வருடம் நேர்முகப் பரீட்சைகளில் இருந்தவன் நான். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் உறவினர் அல்லாத இருவரின் பெயரைக் கேட்பார்கள் அல்லவா? கொழும்பில் படித்த பிள்ளை ஒரு பேராசிரியரையும், தான் பயிற்சி பெற்ற கம்பனியின் முகாமையாளரையும் எழுதியிருக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமங்களிலிருந்து வந்த பிள்ளை கிராம சேவகரையும் கோயில் தலைவரையும் எழுதியிருக்கும். இருவரும் மரியாதைக்குரியவர்கள்தான், ஆனால் தலைமை அலுவலகத்தில் எவருக்கும் அவர்களைத் தெரியாது. பாட அறிவில் இரண்டு பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும்போது தயக்கம் தெரியும், அப்புறம் இந்தக் கடைசிப் பக்கம்.

அமெரிக்காவில் ஸ்டேசி டேல், அலன் குரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. ஒரே தரத்துப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்த மாணவர்களை அவர்கள் ஒப்பிட்டார்கள். பெரிய பெயருள்ள இடத்துக்குப் போனவரும் அதைவிட்டு வேறிடம் போனவரும் பின்னர் சராசரியாக ஒரே அளவுதான் சம்பாதித்தார்கள். வறிய குடும்பத்துப் பிள்ளைகள் மட்டும் விதிவிலக்கு. பெயருள்ள இடத்துக்குப் போனது அவர்களுக்கு உதவியிருந்தது. வசதியான வீட்டில் அப்பாவின் நண்பர் ஒருவர் எங்கேயாவது இருப்பார். இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம்தான் அந்த நண்பர். பெயரில் ஒன்றுமில்லை என்று நாம் அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்வது நியாயமா?

விபுலானந்த அடிகளை உதாரணம் காட்டுபவர்களும் உண்டு. காரைதீவில் பிறந்தவர், லண்டனுக்குப் போகாமலே வெளிவாரியாகப் பட்டம் பெற்று, 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானவர். உண்மைதான். ஆனால் பட்டப் பத்திரத்தில் இருந்த பெயரும் லண்டன்தானே!

எனவே வந்தாறுமூலைக்கும் ஒலுவிலுக்கும் தேவை நமது அனுதாபம் அல்ல, ஆள் தொடர்பு. 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகம் வருடாவருடம் பட்டதாரிகளை உருவாக்குகிறது. அவர்களில் பலர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் நல்ல பதவிகளில் இருக்கிறார்கள். ஒவ்வொரு துறையும் அவர்களைத் தேடிப்பிடித்து, கடைசி வருட மாணவரோடு பேச வைக்கலாம். உள்ளகப் பயிற்சியை எல்லாப் பீடத்துக்கும், கலைப்பீடம் உட்பட, கட்டாயமாக்கலாம். மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை வர்த்தகர்களும் வங்கிக் கிளைகளும் வருடத்துக்கு இரண்டு பேரையாவது பயிற்சிக்கு எடுக்கட்டும். பயிற்சி முடிந்ததும் நாலு வரியில் ஒரு கடிதம் கொடுத்தாலே போதும், அடுத்த நேர்முகத்துக்கு அந்தப் பிள்ளை அதை எடுத்துக்கொண்டு போகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிளை முகாமையாளர்,
களுவாஞ்சிகுடி.