நொடிக் கணக்கு மட்டும் போதாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறிய ஸ்போர்ட்ஸ் மின்கார் என்றாலே 100 கி.மீ. வேகத்தை எத்தனை நொடியில் தொடும் என்பதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அபார்த் 500இ என்ற மின்கார் 7 நொடியில் தொடுகிறது. பெடலை மிதித்ததும் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் பேட்டரி 42 கிலோவாட் மணிதான். நெடுஞ்சாலையில் 120-ல் விரட்டினால் ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரம், மளமளவென்று இறங்கிவிடும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறதே! வேகச் சார்ஜரில் இந்தக் கார் 85 கிலோவாட்டில் சார்ஜ் ஏறும் என்பதும் உச்ச அளவு மட்டுமே. பேட்டரி 80 சதவீதத்தை நெருங்கும்போது சார்ஜர் திரையில் அந்த எண் எப்படிச் சரிகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பேட்டரி குளிர்ந்திருந்தால் தொடக்கமே மந்தம்தான்.

10-லிருந்து 80 சதவீதம் ஏற எத்தனை நிமிடம், நெடுஞ்சாலையில் நிஜமாக எத்தனை கி.மீ. ஓடும் என்ற இரண்டையும் உங்கள் வாகனப் பக்கத்தில் தவறாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
மின்கார் ஓட்டும் வாசகர்