டிசம்பர் வேண்டாம், ஜூனில் வாருங்கள்

அன்புள்ள மகளுக்கு,

பிள்ளைகளைப் பெர்ஹெந்தியான் தீவுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கும் அப்பாவுக்கும் வேறு பேச்சே இல்லை. ஆனால் டிசம்பரில் மட்டும் வேண்டாம்மா. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, அந்தத் தீவு இருக்கும் மலேசியாவின் கிழக்குக் கரையில் பருவமழை. கடல் கொந்தளிக்கும், பெரும்பாலான ரிசார்ட்டுகளையும் மூடிவிடுவார்கள். மெல்பர்னில் ஜூன் கடைசியில் இரண்டு வாரம் பள்ளி விடுமுறை வருமே, அப்போது வாருங்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். பச்சை ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலமும் அதுதான்.

டிசம்பரைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் லங்காவியில் தங்கிப் பாயார் தீவுக்குப் போய்வரலாம். மேற்குக் கரையில் அப்போது மழை குறைவு. குட்டிச் சுறாக்கள் முழங்கால் ஆழத்துக்கே வரும். இருந்தாலும் தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருக்காது. பிள்ளைகள் முதன்முதலில் பார்க்கப்போகும் பவளப்பாறை பெர்ஹெந்தியானில் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

நீங்கள் கோலாலம்பூரில் இறங்கி, கோத்தா பாருவுக்கு இன்னொரு விமானம் ஏறிவிடுங்கள். அங்கிருந்து கோலா பெசுட் படகுத்துறைக்கு வாடகைக் கார் கிடைக்கும். நாங்கள் ஈப்போவிலிருந்து கெரிக் மலைச்சாலை வழியாக வருகிறோம். யானை கடக்கும் சாலை என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே தாண்டிவிட வேண்டும் என்கிறார் அப்பா. விரைவுப்படகில் சின்னவனைப் பின்பக்கம் உட்கார வை, முன்பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். பெர்ஹெந்தியானில் கெச்சில், பெசார் என்று இரண்டு தீவுகள். கெச்சிலில் இளவட்டங்களின் கூட்டமும் இரவுச் சத்தமும் அதிகம். நமக்குப் பெசார் தீவுதான் சரி.

மிதந்தபடி தண்ணீருக்கடியில் பார்க்கப் போடும் ஸ்னோர்க்கலிங் முகமூடியைத் தீவிலேயே வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் குழந்தை முகத்துக்குப் பொருந்துவது கிடைப்பது கஷ்டம். மெல்பர்னிலேயே வாங்கி வந்துவிடு. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுக்கச் சொல். கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டியிருந்தால் அளவு சரி. நீச்சல் குளத்தில் சில நாள் பழகட்டும். வெயிலுக்குக் களிம்பைவிட முழுக்கை நீச்சல் சட்டை நல்லது. களிம்புகளில் சில பவளத்துக்கு ஆகாது.

பெரியவளிடம் இப்போதே சொல்லி வை: பவளம் கல் இல்லை, உயிர். அதன்மேல் கால் ஊன்றக் கூடாது. 2010இல் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்துப்போனபோது அங்கே முக்குளிக்கும் இடங்கள் சிலவற்றை அரசாங்கமே மூடி வைத்தது. ஆமையைக் கண்டால் தொடாமல், துரத்தாமல் தள்ளி மிதக்க வேண்டும். அது மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், வழியை மறிக்கக் கூடாது. ஒரு காலத்தில் இந்தத் தீவு இருக்கும் திரங்கானு மாநிலத்துச் சந்தைகளில் ஆமை முட்டையைக் குவித்து விற்பார்கள். 2022இலிருந்து அதற்குத் தடை வந்துவிட்டது. எனக்கு அதில் எவ்வளவு நிம்மதி தெரியுமா!

கருமுனைச் சுறாவுக்குப் பயப்பட வேண்டாம், அது ஆளைக் கண்டாலே ஒதுங்கிவிடும். கூட்டைக் காக்கும் டைட்டன் டிரிகர் மீன்தான் முரடு, துரத்திக் கடிக்கும். கூட்டுக்கு நேர் மேலே உள்ள தண்ணீரையும் தன் இடமாகவே நினைக்கும். அதனால் மேலே போகாமல் பக்கவாட்டில் நீந்தி விலகுங்கள். நன்றாக நீந்தத் தெரிந்தாலும் எல்லாரும் உயிர்காப்புச் சட்டை போட்டே ஆக வேண்டும், மாப்பிள்ளையும்தான்.

அவருக்கு லீவு கிடைக்குமா என்று இந்த வாரமே கேட்டுச் சொல். பெசாரில் குடும்ப அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். தேதி தெரிந்ததும் இங்கிருந்தே கூப்பிட்டு முன்பதிவு செய்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா