சாயங்காலம் ஏழு மணிக்கு மட்டும் வராத வைஃபை

மாப்ள,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு முட்டி வலி பரவால்லயா, ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்களான்னு கேக்கணும்னு நெனச்சிகிட்டே ஒரு மாசம் ஓடிப்போச்சு. உன் படிப்பகத்துல நெட் சரியா வரலன்னு நீ அனுப்புன மெசேஜ அன்னிக்கே பாத்துட்டேன், ஏணி மேல நின்னுகிட்டு ஒரு கைல டிரில் வச்சிருந்தேன், அப்புறம் பதில் போடலாம்னு விட்டது அப்படியே நின்னுபோச்சு, கோச்சுக்காத. இங்க எல்லாரும் சௌக்கியம். பாப்பா பன்னெண்டாவது, வீட்ல டிவி போட்டா அவதான் வந்து நிறுத்துறா, நாம படிச்ச லட்சணத்துக்கு இது எங்கேர்ந்து வந்துச்சோ தெரியல.

ஒரு மாசமா என் உயிர வாங்குனது இங்க கும்பகோணத்துல ஒரு லாட்ஜோட வைஃபை. மூணு மாடி, 28 ரூம், நவக்கிரக கோயில் சுத்த வர்றவங்கதான் பெரும்பாலும். வெள்ளிக்கிழம ராத்திரி வந்து எறங்குவாங்க, சனிக்கிழம விடியக்காலம் திருநள்ளாறு கெளம்பிருவாங்க, அதனால வெள்ளி சனி ரெண்டு நாளும் ஹவுஸ்ஃபுல். 2028 மாமாங்கத்துக்குள்ள எல்லாத்தையும் சரி பண்ணிடணும்னு ஓனருக்கு ஒரே துடிப்பு. முன்னாடி எவனோ வராண்டா முழுக்க ஏபி, அதாவது வைஃபை சிக்னல் குடுக்கற ஆக்சஸ் பாயின்ட் பெட்டி, மாட்டி வச்சிருந்தான். ஆனா ரூம் கதவ தொறந்ததும் மொதல்ல பாத்ரூம்டா, டைல்ஸ், ஆள் உசர கண்ணாடி, தண்ணி ரொம்புன கீசர், இவ்ளோத்தையும் தாண்டி சிக்னல் கட்டில் பக்கம் வரணும்னா எங்க வரும். சரின்னு நான் ரெண்டு ரெண்டு ரூமுக்கு நடுவுல சுவத்தோரமா எடம் மாத்தி, மாடிக்கு ரெண்டுன்னு ஆறு ஆக்சஸ் பாயின்ட் போட்டேன், 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணு, ஆறு, பதினொண்ணுன்னு சேனல் பிரிச்சு விட்டேன், போன்ல பாத்தா எல்லா ரூம்லயும் முழு கட்ட. காசு வாங்கிட்டு வந்துட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழம ராத்திரி ஏழரைக்கு போன். வைஃபை வரல. சனிக்கிழமயும் அதே நேரத்துக்கு போன். திங்கக்கிழம போய் பாத்தா பிரமாதமா ஓடுது. நான் என்ன பண்ணேன், சிக்னல்தான் போதலன்னு நெனச்சு ஆறுலயும் பவர ஃபுல்லா ஏத்தி விட்டேன், மடத்தனம். கோயில் குழா ஸ்பீக்கர் நாலு தெருவுக்கு கேக்கும், அதுக்காக நாலு தெரு தள்ளி நின்னு நீ கத்துனா கோயிலுக்கு கேக்குமா? அதே கததான், ஏபி பேசறது போனுக்கு கேக்குது, போன் பேசறது ஏபிக்கு எட்டல. அதோட மொத மாடில கனெக்ட் ஆன போன் மூணாவது மாடிக்கு போனாலும் பழைய ஏபியவே புடிச்சிகிட்டு தொங்குது, தலைக்கு மேலயே இன்னொண்ணு இருந்தும் அதுக்கு மாறல. போன் வந்தது குறையல, ரெண்டு பங்காச்சு.

அப்புறம் ரோஷம் வந்து ஒரு வெள்ளிக்கிழம ஆறு மணிக்கே போய் ரிசப்ஷன்ல ஒக்காந்துட்டேன். மேனேஜர் ஒரு டிகிரி காபி வாங்கிக் குடுத்தாரு. ஏழு இருவது இருக்கும், 204ல தங்கியிருந்த மெடிக்கல் ரெப் ஒருத்தர் லேப்டாப்ப தூக்கிட்டு எறங்கி வந்தாரு. வாங்கி பாத்தேன், சிக்னல் முழுசா இருக்கு, ஐபி அட்ரஸ் மட்டும் 169.254ன்னு ஆரம்பிக்குது. யாரும் அட்ரஸ் குடுக்கலன்னா அது தனக்குத்தானே வச்சிக்கிற நம்பர்டா அது! ரௌட்டர் செட்டிங்ஸ தொறந்து, அட்ரஸ் பங்கு போட்டுக் குடுக்கற டிஹெச்சிபி லிஸ்ட்ட பாத்தா 192.168.0.100லேர்ந்து 199 வரைக்கும், மொத்தம் நூறே அட்ரஸ், நூறும் தீந்துபோச்சு. லீஸ் டைம் 24 மணி நேரம். அதாவது காலைல ரூம் காலி பண்ணிட்டு ஊருக்கே போய் சேந்தவங்க போன் பேர்லயும் அட்ரஸ் அப்படியே கெடக்கு, சாயங்காலம் புதுசா வர்றவனுக்கு இல்ல. ரூமுக்கு மூணு போன்னே வச்சிக்க, 84 ஆச்சு, வேலக்காரங்க போன் வேற, போன ஆளு வந்த ஆளு ரெண்டு பேரும் சேந்தா நூறு எங்க பத்தும். ஒரு மாசமா ஏணிய தூக்கிட்டு அலைஞ்சதுக்கு காரணம் ரௌட்டருக்குள்ள ஒரு பேஜ்ல ஒக்காந்திருந்துச்சு.

சும்மா வருவனா, அங்கயே 20லேர்ந்து 250 வரைக்கும்னு நீட்டி விட்டேன். மறுநாள் காலைல ஓனர் கூப்புட்டு, தம்பி கேமரா ஒண்ணு கூட தெரியலையேப்பாங்கறாரு. கேமராவ பதிவு பண்ற டிவிஆருக்கு எவனோ கையால 50ங்கற நம்பர போட்டு வச்சிருக்கான், ராத்திரி கரண்ட் போய் வந்துச்சு, டிவிஆர் தூங்கி எழும்பறதுக்குள்ள ரௌட்டர் அந்த 50ஐ யாரோட போனுக்கோ தூக்கிக் குடுத்துருச்சு. என் தப்புதான், இருக்கற பொருளுக்கெல்லாம் என்ன நம்பர்னு எழுதி வச்சிட்டு கை வச்சிருக்கணும்.

இது பத்தாதுன்னு ஒரு நாள் ரிசப்ஷன் டிவில பக்தி சேனல் ஓடிட்டு இருக்கும்போதே திடீர்னு கார்ட்டூன். மேனேஜர் ரிமோட்ட தட்டறாரு, பேட்டரி மாத்தறாரு, மறுபடி கார்ட்டூன். ரெண்டாவது மாடில ஒரு பொடியன் அம்மா போன்லேர்ந்து காஸ்ட் பண்ணிட்டு இருந்திருக்கான்! எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கு சிரிப்பு வரல, ஏன்னா பில்லிங் கம்ப்யூட்டரும் அதே நெட்வொர்க்லதான் இருக்கு, ஷேர் பண்ண ஃபோல்டரோட. அதுக்கப்புறம்தான் கெஸ்டுக்கு விலான்னு தனி நெட்வொர்க்கா பிரிச்சு, ஒருத்தர் போன் இன்னொருத்தர் போன தொட முடியாதபடி கிளையன்ட் ஐசோலேஷன் ஆன் பண்ணி, எத்தன அட்ரஸ்னு முடிவு பண்ற மாஸ்க்க 255.255.254.0ன்னு குடுத்தேன், 510 அட்ரஸ், லீஸ் ரெண்டு மணி நேரம். ஆபீஸ் சாமான் எல்லாம் பழைய நெட்வொர்க்லயே இருக்கு. பவரையும் எறக்கி விட்டுட்டேன். இப்ப மூணு வெள்ளிக்கிழமயா போன் இல்ல.

சரி, உன் படிப்பக விஷயத்துக்கு வர்றேன். புதுசா வாங்குன ரௌட்டர ஏபியா மாட்டுனதுலேர்ந்து பாதி பசங்களுக்கு நெட் வருது பாதி பேருக்கு வரலன்னு எழுதியிருந்த இல்ல, கூடவே சிலருக்கு 192.168.1ன்னும் சிலருக்கு 192.168.0ன்னும் அட்ரஸ் வருதுன்னு போட்டிருந்த பாரு, அந்த ஒரு வரியிலயே விஷயம் இருக்கு. ஒரே பஸ்ல ரெண்டு கண்டக்டர் டிக்கெட் கிழிக்கறான்டா. பழைய ரௌட்டரும் அட்ரஸ் குடுக்குது, புதுசும் குடுக்குது, புதுசுகிட்ட வாங்குனவன் அது வழியா வெளிய போகப் பாக்கறான், அதுக்கோ வெளிய போக வழியே கெடையாது. புதுசுல ஏபி மோடுன்னு இருந்தா அத போடு, முடிஞ்சுது. இல்லன்னா மொதல்ல அதோட சொந்த அட்ரஸ 192.168.1.2ன்னு மாத்து, பழைய ரௌட்டர் டிஹெச்சிபில அந்த 2 போகாம பாத்துக்க, அப்புறம் புதுசுல டிஹெச்சிபிய ஆஃப் பண்ணு, ஒயர லேன் போர்ட்லேர்ந்து லேன் போர்ட்டுக்கு குத்து. இத பண்ணிட்டு ஒருதடவ எல்லா பசங்களையும் வைஃபை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லு.

ஸ்பீடு 94க்கு மேல ஏறலன்னு சொன்னது வேற கத. அது 100 எம்பிபிஎஸ்ல லிங்க் ஆயிருக்கு. நூறுக்கு நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு, அதாவது ஆயிரத்துக்கு, எட்டும் வேணும், எங்கயோ நீலமோ பிரவுனோ சரியா கடிக்கல. ரெண்டு முனையையும் வெட்டிட்டு புது பின் மாட்டி கிரிம்ப் பண்ணு. வெட்டும்போது ஒரு கம்பிய பிளேடால சொரண்டி பாரு, உள்ள வெள்ளையா மின்னுச்சுன்னா அது செம்பு இல்ல, அலுமினியத்து மேல செம்பு முலாம், உன் தலைல கட்டிட்டான். பின்னாடி பிஓஇ சுவிட்ச் வச்சு அதே ஒயர்ல கரண்ட் அனுப்பலாம்னு நெனச்சா, தூரம் ஜாஸ்தியானா வோல்டேஜ் எறங்கி ஏபி தானா ரீஸ்டார்ட் ஆகிட்டே கெடக்கும். பிஓஇ சுவிட்ச் வாங்கும்போதும் போர்ட்டுக்கு 15.4 வாட்னு போட்டிருக்கறத மட்டும் பாத்துட்டு வந்துராத, எட்டு போர்ட்டுக்கும் சேத்து மொத்தம் எவ்ளோ தாங்கும்னு கீழ சின்ன எழுத்துல இருக்கும், அத படி.

80 பேரு ஒரே ஹால்ல ஒக்காந்து வீடியோ பாக்கறதுக்கு ஏபி ஒண்ணு பத்தாது, ரெண்டு போடு, முடிஞ்ச வரைக்கும் பசங்கள 5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் தள்ளு. அந்த பழைய பிரிண்டருக்காக 2.4ஐ ஆஃப் பண்ணாம வுட்டு வை, பாஸ்வேர்ட் பாதுகாப்புல புதுசான டபிள்யூபிஏ3 மட்டும்னு போட்டா அது ஏறவே ஏறாது, டபிள்யூபிஏ2, 3 ரெண்டும் கலந்ததுன்னு ஒண்ணு இருக்கும், அத செலக்ட் பண்ணு, அப்பவும் மொரண்டு பண்ணா அதுக்கு மட்டும் டபிள்யூபிஏ2ல தனி பேரு போட்டு குடு. அட்மின் பாஸ்வேர்ட மாத்துனியான்னு கேக்கவே பயமா இருக்கு, மாத்தியிருக்க மாட்ட.

ரெண்டு ரௌட்டரோட டிஹெச்சிபி பேஜையும் போட்டோ எடுத்து அனுப்பு, பாத்துட்டு சொல்றேன். அடுத்த ஞாயித்துக்கெழம திருச்சி வர்றேன், அம்மாவ பாத்த மாதிரியும் ஆச்சு. பாலிடெக்னிக்ல படிக்கும்போது வாங்கிட்டுப் போன என் கிரிம்பிங் டூல் உன்கிட்டதான் இருக்கு, இல்லன்னு மட்டும் சொல்லாத, போன தீபாவளிக்கு உன் வண்டி டிக்கில நானே பாத்தேன். எடுத்து வை, அதுலயே உன் ஒயர கிரிம்ப் பண்ணிக் குடுத்துட்டு கையோட தூக்கிட்டு வந்துருவேன்.

உன்
கடைசி பெஞ்ச் கூட்டாளி